அஞ்சு பைசா அபராதம்

அத்தை வீட்டு அடுக்களையில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே புளியும் இல்லை, ஊறுகாயும் இல்லை. எல்லாம் அஞ்சு பைசாக் காசுகள். அதில் முக்கால்வாசி என் காசு.

1983-இல் அப்பாவுக்கு வேலை மாற்றலாகி வடக்கே போக வேண்டி வந்தது. வருஷ நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் படிப்புக் கெடும் என்று என்னைப் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். முருகன்குறிச்சியில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை. எனக்கு ஒன்பது வயது.

வந்த முதல் நாள் சாயங்காலம் அத்தை அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“ஏல, கத்திரிக்கோலைப் பார்த்தியா?”

“அங்க இருக்கு அத்தை.”

“அங்கன்னா எங்கல?”

“அந்தா, அங்கதான்.”

அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “ரெண்டு தடவை சொல்லிட்ட. பத்து பைசா எடு.”

அந்த வீட்டில் மூன்று சொற்களுக்குத் தடை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘அங்கே, இங்கே’ ஒன்று. ‘இந்த மாதிரி’ இரண்டாவது. மூன்றாவது ‘பாவம்’. ஒரு தடவை வாயிலிருந்து விழுந்தால் அஞ்சு பைசா. முதல் இரண்டுக்கும் காரணம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டாள். மூன்றாவதற்கு, “போகப் போகத் தெரியும்” என்றாள்.

அத்தை பார்வையற்ற பிள்ளைகளுக்கு டீச்சர். கரும்பலகையைக் காட்டி ‘இங்கே பாருங்க’ என்று சொல்ல முடியாத வகுப்பு அவளுடையது. “மேஜை மேல, இடது ஓரத்துல, தண்ணிச் செம்புக்கு முன்னால ஒரு சாண் தள்ளி. இப்படிச் சொன்னா என் வகுப்புல எந்தப் பிள்ளையும் ஒரே எட்டுல எடுத்துரும். நீ சொன்ன ‘அங்க’யை வச்சி யாரு எதை எடுக்க முடியும்?” என்பாள். ‘இந்த மாதிரி வளைக்கணும்’ என்று கையை ஆட்டிக் காட்டினாலும் அதே கேள்விதான். எந்த மாதிரி? வெள்ளரிப் பிஞ்சு மாதிரியா, அரிவாள் மாதிரியா, முறத்தோட விளிம்பு மாதிரியா?

பிற்காலத்தில் எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு உரைநடை சொல்லிக் கொடுத்தது கல்லூரி அல்ல. அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்தான்.

பாளையங்கோட்டைக்குப் பார்வையற்றோர் பள்ளி புதிதல்ல. இந்தியாவில் இப்படி ஒரு பள்ளி முதன்முதலாக அமிர்தசரசில் 1887-இல் தொடங்கியது. மூன்றே வருஷத்தில், 1890-இல், ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய அம்மையார் பாளையங்கோட்டையில் ஒன்றைத் தொடங்கினார். அதனால் வெள்ளைக்கோலுடன் ரோட்டில் யாராவது போனால் எங்கள் ஊரில் அதிசயமாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அத்தையைப் பார்க்கிறவர்கள் மட்டும் ஒரு வசனத்தைச் சொல்லாமல் போகமாட்டார்கள். “எவ்வளவு புண்ணியமான வேலை டீச்சர்!” அத்தை அதற்குச் சிரிக்கவும் மாட்டாள், பதில் சொல்லவும் மாட்டாள். குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. விடுதிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க அத்தை போவாள், நானும் கூடவே போவேன். வகுப்புக்குள் நுழைந்தால் முதலில் வருவது சத்தம். முப்பது பிள்ளைகள் தடித்த தாளில் ஸ்டைலஸால் குத்துகிற சத்தம், ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல ஒரே சீராக இருக்கும். தாள் எளிதில் கிடைக்காது. பழைய நாட்காட்டித் தாள், கல்யாணப் பத்திரிகை அட்டை என்று கனமாக எது கிடைத்தாலும் அத்தை சேர்த்து வைப்பாள். எத்தனையோ மணமக்களின் பெயருக்கு மேலே பிரெயிலில் பூகோளம் ஏறியிருந்தது.

எனக்கு அந்த எழுத்தின்மேல் ஆசை வந்தது. கேட்ட அன்றைக்கே அத்தை பரண்மேலிருந்து ஆச்சியின் பல்லாங்குழியை இறக்கினாள். வழக்கமாக ஆடுவதுபோல் குறுக்கே போடாமல் எனக்கு நேரே நெடுக்காகப் போட்டாள். இடப்பக்கம் ஏழு குழி, வலப்பக்கம் ஏழு குழி. மேலே உள்ள மூன்று வரிசை ஓர் எழுத்து. நடு வரிசை இடைவெளி. கீழே உள்ள மூன்று வரிசை இன்னோர் எழுத்து. இடப்பக்கக் குழிகளுக்கு மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. ஒரு பிடி புளியங்கொட்டையை என் கையில் கொட்டினாள்.

முதல் குழியில் ஒரு கொட்டை போட்டால் ‘அ’. ஒன்றிலும் மூன்றிலும் போட்டால் ‘க’. அதோடு நான்கும் சேர்ந்தால் ‘ம’. இடப்பக்கம் மூன்றும் நிறைந்தால் ‘ல’. ஒன்று முதல் நான்கு வரை நிறைந்தால் ‘ப’. ‘பல’ என்பதுதான் நான் எழுதிய முதல் பிரெயில் சொல். ஏழு புளியங்கொட்டை செலவானது.

ஆறு புள்ளிகளை வைத்து அறுபத்து மூன்று வடிவம் செய்யலாம். இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு முறையாக இருந்ததை 1951 வாக்கில் பாரதி பிரெயில் என்று ஒன்றாக்கினார்கள். தமிழ் ‘க’வும் இந்தி ‘க’வும் ஆங்கில ‘கே’யும் விரலுக்கு ஒரே எழுத்து. அச்சில் ‘கொ’ எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெயிலில் ‘க’, அதன் பின்னால் ‘ஒ’, அவ்வளவுதான். அச்சில் மெய்யெழுத்தின் தலைமேல் ஏறி உட்காரும் புள்ளி, இதில் இறங்கி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். வாத்தியார்கள் கொம்புக்கும் காலுக்கும் என் காதைத் திருகிய காலம் அது. இந்த முறைதான் நியாயமானது என்று எனக்குப் பட்டது.

எழுதும்போதுதான் தலை சுற்றியது. சட்டத்தில் தாளை மாட்டி மேலிருந்து குத்தினால் புடைப்பு பின்பக்கம் வரும். அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், எழுத்தையும் கண்ணாடியில் தெரிகிறபடி மாற்றிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். ஏழு வயசுப் பிள்ளைகள் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். நான் ஒரு வரி குத்தி முடிப்பதற்குள் ஒரு பெண்பிள்ளை ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, என் தாளை வாங்கித் தடவி, “டீச்சர், இவன் ‘பழம்’ எழுதச் சொன்னா ‘பளம்’னு எழுதியிருக்கான்” என்று கோள் சொன்னது இன்னும் வலிக்கிறது.

எழுத்துப்பிழையில் அத்தை கறார். ‘மணம்’, ‘மனம்’ இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நமக்குக் கடைப் பலகை, சினிமா போஸ்டர், பொட்டலம் கட்டிய காகிதம் என்று நாள் முழுக்க எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு விரலில் பட்டால்தான் எழுத்து. “கேட்டே படிச்சா கதை வரும், எழுத்து வராது” என்பாள். ஒலிநாடாவிலேயே பாடத்தைக் கேட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

கணக்குக்கு டெய்லர் சட்டம். உலோகப் பலகை நிறைய எட்டு மூலைக் குழிகள். அதில் சொருகச் சின்ன ஈயக் கட்டைகள். கட்டையின் ஒரு முனையில் ஒரு வரம்பு, மறுமுனையில் இரண்டு குமிழ். எட்டுத் திசையில் திருப்பி வைத்தால் ஒரு முனைக்கு எட்டுக் குறி, இரண்டு முனைக்கும் பதினாறு. பத்து எண்களும், கூட்டல் கழித்தல் குறிகளும் அந்த ஒரே கட்டையில் அடங்கிவிடும். தவறிக் கட்டைப் பெட்டி கவிழ்ந்தால் மட்டும் வகுப்பே தரையில் உட்கார்ந்து தேடும். அப்போது நான் உதவப் போனால் அத்தை தடுப்பாள். “கொட்டினவன் பொறுக்கட்டும்.”

பிரெயிலைக் கண்டுபிடித்த லூயி பிரெயிலின் கதையை அத்தை சொன்ன விதமே வேறு. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசியால் கண்ணைக் குத்திக்கொண்ட பிள்ளை, பதினைந்து வயதில் குத்தித்தான் எழுத்தை உண்டாக்கினார் என்று மற்றவர்கள் கதையை முடிப்பார்கள். அத்தை அங்கிருந்துதான் தொடங்குவாள். “அவரு வாத்தியார்ல. தான் படிச்ச பாரிஸ் பள்ளிக்கூடத்துலயே வேலை பார்த்தாரு. வகுப்புல நின்னு சொல்லிக் கொடுத்த ஆளு.” 1852-இல் நாற்பத்து மூன்று வயதில் காசநோயில் அவர் போனதைச் சொல்லும்போது, சக ஆசிரியர் ஒருவர் போனமாதிரிதான் சொல்வாள்.

விடுதியில் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். பிளஸ் டூ படித்த அண்ணன். ஊரில் எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கேட்ட டெல்லிச் செய்தியைச் சாயங்காலம் செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசாமி குரலிலேயே ஒரு வரி விடாமல் வாசிப்பார். காசைத் தடவிப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். அஞ்சு பைசா சதுரம். பத்து பைசாவுக்கு அலை அலையாக விளிம்பு. இருபது பைசா அறுகோணம். கால் ரூபாயும் அரை ரூபாயும் வட்டம், அளவில் வித்தியாசம். சட்டைப்பைக்குள் கைவிட்டுக் காசைப் பார்க்காமலே அபராதம் கட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்த வருஷத்தில் நான் மறக்காத நாள் யானையைப் பார்க்கப் போன நாள்.

ஏதோ ஒரு வகுப்பில் யானையைத் தடவிய குருடர்கள் கதை வந்தது. காலைத் தொட்டவன் தூண் என்றான், காதைத் தொட்டவன் முறம் என்றான், வாலைத் தொட்டவன் துடைப்பம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை புத்தகத்தை மூடினாள்.

“இதுல தப்பு யார் மேல? ஆளுக்கு ஒரு இடத்தைத் தொடவிட்டுட்டு, போதும் போன்னு விரட்டினவன் மேலயா, தொட்டவன் மேலயா? நேரம் குடுத்து, ஏணி போட்டுக் குடுத்திருந்தா முழு யானையையும் சொல்லியிருப்பான்லா?”

அடுத்த வாரம் ஒரு பாகனைப் பிடித்துப் பேசினாள். யானையைத் தாமிரபரணியில் குளிப்பாட்டும்போது படுக்க வைப்பார்கள். அந்த நேரம் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? பாகன் தயங்கினார். அத்தை நாள் தவறாமல் மூன்று நாள் போய் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிவிட்டு வந்தாள். முதலில் தான் தொட்டுப் பார்த்து, எங்கே தொட்டால் அதற்குக் கூச்சம் என்று பாகனிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, படித்துறையில் ஆறு ஆறு பேராகப் பன்னிரண்டு பிள்ளைகள். யானை தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பாகன் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். துதிக்கை நுனியிலிருந்து தொடங்கி, நெற்றி, காது, கழுத்து, முதுகு, வால் என்று ஒரு பிள்ளை போக, அடுத்த பிள்ளை தொடங்கும். யாரையும் அவசரப்படுத்தவில்லை. “தும்பிக்கை நுனியில விரல் மாதிரி ஒண்ணு இருக்கு டீச்சர்.” “தோலு கருவேல மரப்பட்டை மாதிரி இருக்கு, ஆனா உள்ள சூடா இருக்கு.” “வால் முடி கம்பி டீச்சர், கம்பி!” ஒரு பையன் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் நின்றான். கண் எங்கே என்று கேட்ட பெண்ணின் கையைப் பிடித்து அத்தை இமைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். யானை இமைத்தது. அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்னக் கண்ணா? போதுமா அதுக்கு?” என்றாள். பாகன் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை எல்லோரும் களிமண்ணில் யானை செய்தார்கள். நானும் செய்தேன். என் யானைக்கு நகம் இல்லை, துதிக்கை நுனியில் விரல் இல்லை. தினமும் கோயில் யானையைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதன் பிறகு எனக்கு ஒரு கோட்டி பிடித்தது. துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு நடந்து பார்த்தேன். முருங்கையில் முட்டி, வாளியில் தடுக்கி விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அத்தையிடம் போய் அழுதேன். “அவங்க படுற கஷ்டம் இப்பதான் தெரியுது அத்தை.”

அத்தை மருந்து போட்டபடியே சொன்னாள்: “உனக்குத் தெரிஞ்சது இருட்டு. அவங்களுக்குத் தெரிஞ்சது வழி. பத்து வருஷமா நடந்து பழகினவனும், இப்பக் கண்ணைக் கட்டினவனும் ஒண்ணால?” சொல்லிவிட்டு, ரேடியோ அண்ணன் விடுதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகிறார் என்று விளக்கினாள். கோலின் நுனி தரையில் எழுப்பும் ஓசை மாறும் இடம், டீக்கடைப் பாய்லரின் சூடு, மாவு மில்லின் வாசனை, சந்து வந்தால் கன்னத்தில் படுகிற காற்று. ஒவ்வொன்றையும் அவருடன் பலமுறை நடந்து கணக்கிட்டு வைத்தது அத்தைதான். ஒரு வழியைக் கற்றுக் கொடுக்க மூன்று வாரம் ஆகுமாம். முதல் வாரம் பக்கத்தில் நடப்பாள். இரண்டாம் வாரம் பத்தடி பின்னால். மூன்றாம் வாரம் எதிர்ச்சாரியில், சத்தம் காட்டாமல்.

‘பாவம்’ என்ற சொல்லுக்கு ஏன் அபராதம் என்பது அந்த வருஷக் கடைசியில் தெரிந்தது.

ரேடியோ அண்ணனுக்கு உதவித்தொகை வந்தது. சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும். அதற்காக ஒரு மாதமாக அத்தை அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தாள். தீப்பெட்டி அட்டையில் கையெழுத்து அளவுக்கு ஜன்னல் வெட்டி, தாள்மேல் வைத்து, அந்த ஜன்னலுக்குள்ளேயே பேனா ஓட வேண்டும். பிறவியிலிருந்து அச்செழுத்தைப் பார்க்காதவர் அவர். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் சணல் கயிற்றை அட்டையில் ஒட்டித் தடவ வைத்தாள்.

மூவரும் ஒரு வங்கிக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனுஷர்தான். நாற்காலி போட்டார், காப்பி சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து, “பாவம் டீச்சர், இந்தப் பையனுக்கு எதுக்குத் தனிக் கணக்கு? கூடப் பொறந்தவங்க யாராவது பேர்ல போட்டுக்கலாமே” என்றார். ரேடியோ அண்ணன் பக்கமே அவர் முகம் திரும்பவில்லை.

அத்தை உள்ளங்கையை நீட்டினாள். “சார், அஞ்சு பைசா.”

மேனேஜருக்குப் புரியவில்லை. நான் பயத்தில் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். அத்தை நிதானமாகச் சொன்னாள்: “எங்க வீட்ல அந்தச் சொல்லுக்கு அபராதம். நீங்க பாவம்னு சொன்னீங்க, அதுக்குப் பின்னால ‘முடியாது’ன்னு வந்துச்சு. எப்பவும் அப்படித்தான் வரும். படிவத்தை அவன்கிட்டக் குடுங்க. கேள்வியையும் அவன்கிட்டக் கேளுங்க.”

அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகு கணக்குத் தொடங்கியது. காசோலைப் புத்தகம் மட்டும் தரமாட்டோம் என்றார்கள். (பார்வையற்றவர்களுக்குக் காசோலை உட்பட எந்த வசதியையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் எழுதியது 2008-இல். அத்தை அப்போது ஓய்வு பெற்றிருந்தாள்.) அண்ணன் தீப்பெட்டி அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. வாசலுக்கு வந்ததும் அத்தை பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“கடைசி எழுத்து ஜன்னலுக்கு வெளிய போயிருச்சு. நாளைக்கு ஐம்பது தடவை போட்டுக் கொண்டா” என்றாள்.

ரேடியோ அண்ணன் சிரித்தார். “சரி டீச்சர்.” அவர் பின்னாளில் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் ஆனார். பார்வையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்தார். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில் அவர் கறார் என்று கேள்வி.

இந்த நினைவெல்லாம் இப்போது ஏன் கிளம்பியது என்றால், எங்கள் தெருவில் ஒரு பெண் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்க வேண்டும், அதிலும் பார்வைக் குறைபாட்டுப் பிரிவுதான் வேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பா என்னிடம் யோசனை கேட்டார். “புண்ணியமான வேலைதான் சார். ஆனா...” என்று இழுத்தார்.

அத்தைக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அதே குரல். விஷயத்தைச் சொன்னதும், “புண்ணியம்னா சொன்னான்? ‘பாவம்’ அஞ்சு பைசான்னா ‘புண்ணியம்’ பத்து பைசா. ரெண்டும் ஒரே சொல்லுதான். நம்ம பிள்ளைங்களை வச்சி அவன் கணக்குல வரவு வைக்கிற சொல்லு” என்றாள். பிறகு அவளே கேட்டாள். “அந்தப் பிள்ளைக்குக் கோபம் வருமா? பொறுமை இருக்கான்னு எல்லாரும் கேப்பான். கோபம் வரணும். தப்பை விடக்கூடாது.”

அந்த அப்பாவிடம் நான் சொன்னது இதுதான். இது படித்துத் தேற வேண்டிய தொழில். 1992-இல் வந்த இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, அங்கீகரித்த படிப்பை முடித்து, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இந்த வகுப்பில் நிற்க முடியும். பிரெயில், நடமாட்டப் பயிற்சி, ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தின் அளவையும் வெளிச்சத்தையும் பொருத்துவது, அன்றாட வேலைப் பழக்கம், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் என்று கற்பதற்கு நிறைய இருக்கிறது. அப்படி ஒரு மென்பொருளான என்விடிஏ-வை ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர்கள் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், அது இலவசமாகவே கிடைக்கிறது. தனிப் பள்ளியில்தான் வேலை என்பதும் இல்லை. 1974-இலேயே மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்து, இந்தப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிகளில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். அங்கே போய்ச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்கலாம். தோளில் தட்டிப் பெருமைப்படவும் வேண்டாம், தலையைச் சொறிந்து தயங்கவும் வேண்டாம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, விடுதிக் கட்டணம் எவ்வளவு, வேலையில் சேர்ந்தால் சம்பளம் என்ன என்று விசாரியுங்கள். பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் விசாரிப்பதுபோலவே விசாரியுங்கள்.